நந்தாசிரியரின் படுக்கையில் மச்சினர்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளத்துக்குப் புறப்படும்போதே, அங்கே பார்ப்பதற்கு என்னதான் இருக்கிறது என்று எங்கள் வீட்டில் வழக்கமாக எழும் கேள்வி எழுந்தது. பாறையும் எழுத்தும் என்று நான் உள்ளதைச் சொன்னதும் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோயில் உண்டா என்று அத்தை கேட்டார். மச்சினர் மட்டும் காற்று வருமா என்று விசாரித்துவிட்டுக் காரின் பின்னிருக்கையில் தலையைச் சாய்த்துவிட்டார். அவரைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. என் திருமணத்தன்று கெட்டிமேளத்துக்கே கண் விழிக்காதவர் அவர்.

மாங்குளத்தை அடுத்த மீனாட்சிபுரத்து மலையில் நாங்கள் ஏறிய வேகத்தில், இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால், எங்களையே அகழ்ந்தெடுக்க ஒரு குழு வந்திருக்கும். பத்துப் படிக்கு ஒருமுறை அத்தை உட்கார்ந்தார். உட்கார்ந்த ஒவ்வொரு முறையும், மேலே குகையில் வாழ்ந்த சமணத் துறவிகளுக்குத் தரையில் இடமே கிடைக்கவில்லையா என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் குகை வாசலுக்காகச் சேர்த்து வைத்திருந்தேன்.

வாசலில் நின்று தொடங்கினேன். 1882இல் ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் சீவெல் கண்டறிந்த எழுத்துகள் இவை. இத்தகைய குகை எழுத்துகளின் மொழி தமிழே என்று 1924இல் கல்வெட்டறிஞர் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். 1960களில் இன்னொரு கல்வெட்டறிஞரான ஐராவதம் மகாதேவன் இங்கே நெடுஞ்செழியன் என்ற பாண்டியனின் பெயரைப் படித்து, சங்க காலத்து அரசர் பெயரொன்றைக் கல்லிலேயே காட்டினார். கணி நந்தாசிரியர் என்னும் துறவிக்காக, அந்த நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி இந்த உறைவிடத்தை வெட்டுவித்தான் என்று ஒரு கல்வெட்டு கூறுகிறது. அரசனுக்குப் பெண் வழியில் உறவான இளஞ்சடிகனின் தந்தை சடிகனும் இந்தத் துறவிக்கு இடம் அமைத்துக் கொடுத்திருக்கிறான் என்பதை நான் உணர்ச்சியோடு விளக்கிக்கொண்டிருந்தபோது, அத்தை கல்வெட்டைப் பார்க்காமல் அதன் அருகே பாறையில் நீளமாக வெட்டியிருந்த விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அது மழைநீர் குகைக்குள் வழியாமல் வெளியே சொட்டிவிடுவதற்காக வெட்டிய காடி என்றேன். அத்தை அதை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கண்ணால் அளந்தார். “இத்தனை ஆண்டுக்கு முந்தியவனுக்குத் தெரிந்திருக்கிறது, மாப்பிள்ளை. நம் வீட்டுக்குச் சன்ஷேடு போட்ட கொத்தனாருக்குத் தெரியவில்லையே!” என்றார். அதன்பின் அங்கிருந்த நேரமெல்லாம் அந்தக் கொத்தனாரைப் பற்றியே பேச்சு நடந்தது. கி.மு. 2ஆம் நூற்றாண்டிலிருந்து எங்கள் பின்கட்டு ஒழுகலுக்கு இவ்வளவு விரைவாக வந்து சேர முடியும் என்று நான் நினைத்ததே இல்லை.

அப்போதுதான் அந்த ஒலி கேட்டது. வௌவாலாக இருக்கும் என்று மனைவி பயந்தாள். எனக்குச் சந்தேகமே இல்லை. உள்ளே, துறவிகளுக்காக வழவழப்பாகச் செதுக்கிய கற்படுக்கை ஒன்றில், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கையை மடக்கித் தலைக்குக் கொடுத்துக்கொண்டு மச்சினர் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். குளிர்சாதனம் இல்லாத அறையில் இரவு முழுவதும் புரண்டு புரண்டு படுப்பவர் இவர். தொன்மைச் சின்னங்களுக்குச் சேதம் விளைவிப்போர் தண்டிக்கப்படுவர் என்று இத்தகைய இடங்களில் எழுதி வைப்பார்கள்; குறட்டை சேதத்தில் சேருமா என்று நான் கவலையோடு யோசித்தேன். ஆடு மேய்க்க வந்த பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்து, “பஞ்ச பாண்டவர் படுக்கை இது; பீமன் படுத்த இடமாக்கும்” என்று சொல்லிவிட்டு, மச்சினரின் உடம்பை மேலும் கீழும் பார்த்து, பொருத்தந்தான் என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டு போனார். சமணப் படுக்கை பாண்டவருக்குப் போனதைத் திருத்த எனக்கு நா துடித்தது. ஆனால் கண்முன் கிடந்த சான்று அவர் பக்கம் அல்லவா இருந்தது!

எழுப்புவதற்காகக் குனிந்தவன் நின்றுவிட்டேன். கடலன் வழுதி இந்தப் பாறையை வெட்டுவித்தது, பிற்காலத்தில் ஒருவன் வந்து எழுத்துக்கூட்டிப் படித்துப் படம் எடுத்துக்கொண்டு போவதற்காகவா? ஓர் உயிர் படுத்து இளைப்பாறுவதற்காக அல்லவா? அந்தக் கணக்கில் பார்த்தால், எங்கள் கூட்டத்தில் கொடையாளியின் எண்ணத்தை முழுமையாக நிறைவேற்றியவர் மச்சினர் ஒருவர்தான். நந்தாசிரியர் பற்றை அறுத்துவிட்டு அங்கே படுத்தார். இவர் கைப்பேசியை அணைத்துவிட்டுப் படுத்தார். அதுவும் எளிய காரியம் அன்று.

வீடு திரும்பும் வழியில் அவர் மிகுந்த தெளிவோடு இருந்தார். “அத்தான், இதுபோல் வேறு எங்கே இருக்கிறது?” என்று முதன்முறையாக வரலாற்றில் ஒரு கேள்வி கேட்டார். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கீழவளவு, கருங்காலக்குடி, திருவாதவூர் என்று அடுக்கி, சித்தன்னவாசலின் ஏழடிப்பட்டத்தில் 17 படுக்கைகள் இருப்பதையும், அவற்றுள் பெரியதில் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்து இருப்பதையும் விரிவாகச் சொன்னேன். அவர் எழுத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த மாதம் சித்தப்பா, பெரியப்பா குடும்பங்களையும் அழைத்துக்கொள்ளலாம் என்று இப்போது ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார். பெரிய படுக்கை அவருக்காம்.