46 லட்சத்துக்கு வீடு வாங்கியபோது எங்கள் கணக்கு தவறிய இடங்கள்

2024ஆம் ஆண்டு திருச்சியின் புறநகரில், இருபது ஆண்டுகள் பழமையான ஒரு தனி வீட்டை 46 லட்சம் ரூபாய்க்குப் பேசி, மூன்று லட்சம் முன்பணம் கொடுத்து, மூன்று மாதக் கெடுவுடன் கிரய ஒப்பந்தம் எழுதினோம். அந்த முன்பணத்தையும் சேர்த்துக் கையில் 14 லட்சம் இருந்தது. விலையில் 80 விழுக்காடு, அதாவது 36.8 லட்சம், வங்கிக் கடனாகக் கிடைக்கும்; எங்கள் பங்கு 9.2 லட்சம், முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என மொத்தம் 9 விழுக்காட்டுக்கு 4.14 லட்சம்; மீதமுள்ள 66 ஆயிரம் சில்லறைச் செலவுகளுக்குப் போதும் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தோம். அந்த நோட்டில் இருந்தவற்றில் கடைசிவரை மாறாமல் நின்றது வீட்டின் விலை மட்டுமே.

முதல் அடி வங்கியின் மதிப்பீட்டாளரிடமிருந்து வந்தது. அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கட்டடத்தின் வயதைக் கழித்து, 42 லட்சம் என்று அறிக்கை கொடுத்தார். பேசிய விலை, வங்கியின் மதிப்பீடு ஆகிய இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் 80 விழுக்காடு என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டோம். கடன் 33.6 லட்சமாகச் சுருங்கியது. ஒரே நாளில் 3.2 லட்சம் பள்ளம் விழுந்தது. பதிவுச் செலவையாவது கடனில் சேர்க்க முடியுமா என்று கேட்டோம். 10 லட்சத்துக்கு உட்பட்ட வீடுகளைத் தவிர மற்றவற்றுக்கு முத்திரைத்தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் வீட்டின் மதிப்போடு சேர்க்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி என்று சொல்லிவிட்டார்கள். என் மனைவியின் ஒன்பது பவுன் நகை அடகுக்குப் போனது. அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே சில ஆயிரம் செலவழித்து ஒரு மதிப்பீட்டாளரை அழைத்துப் பார்த்திருந்தால், விலையைக் குறைத்துக் கேட்கவாவது ஒரு காரணம் கையில் இருந்திருக்கும்.

அடுத்தது மூலப்பத்திரம். விற்பவருக்கு அந்த மனை 1987ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினை ஒன்றின் வழியாக வந்தது. அந்தப் பத்திரம் அவரிடம் இல்லை. அதன் சான்றிட்ட நகல் இல்லாமல் சட்டக் கருத்து தர முடியாது என்று வங்கி வழக்கறிஞர் எழுதிவிட்டார். அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, வில்லங்கச் சான்று வாங்கிய சார்பதிவாளர் அலுவலகத்துக்கே போனேன். நகல் பிரிவில் இருந்த எழுத்தர் நிமிர்ந்தும் பார்க்காமல், சம்பந்தப்பட்டவர் விடுப்பில் இருக்கிறார், வியாழக்கிழமை வாருங்கள் என்றார். வியாழக்கிழமை போய் இரண்டு மணி நேரம் நின்ற பிறகுதான், 1987இல் எங்கள் கிராமம் வேறொரு சார்பதிவகத்தின் எல்லைக்குள் இருந்தது, பழைய புத்தகங்கள் அங்கேதான் இருக்கும் என்று அதே எழுத்தர் சொன்னார். முதல் நாளே சொல்லியிருக்கக்கூடிய செய்தி அது. பழைய பத்திர எண்ணை வைத்துக்கொண்டு நகல் தேடுபவர்கள், அந்த ஆண்டில் அந்தக் கிராமம் எந்தச் சார்பதிவகத்தைச் சேர்ந்தது என்பதை முதலில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

நகலுக்கான கட்டணம் மிகச் சிறியது. தாமதத்துக்கான விலைதான் பெரியது. இருபத்து மூன்று நாட்கள் போயின, ஒப்பந்தக் கெடுவை நீட்டித்து மறுபடியும் எழுத வேண்டியதாயிற்று, காலி செய்வதாகச் சொல்லியிருந்த வாடகை வீட்டில் இன்னும் இரண்டு மாதம் இருக்க நேர்ந்தது. பத்திரத்தில் குறை காணப்பட்டு வங்கி கடன் மறுத்தால் முன்பணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்ற வரி எங்கள் ஒப்பந்தத்தில் இல்லை. அந்த மூன்று வாரங்களும் மூன்று லட்சம் போய்விடுமோ என்ற அச்சத்திலேயே கழிந்தன. அந்த ஒரு வரியை எழுதச் சொல்ல யாரும் தயங்க வேண்டாம்.

கடன் அனுமதிக் கடிதம் வந்தபோது, அதுவரை யாரும் வாய் திறந்து சொல்லாத இன்னொரு செலவு அதில் இருந்தது. பத்திரத்தை வங்கியிடம் ஒப்படைப்பதற்கான எம்.ஓ.டி. ஆவணத்தையும் தமிழ்நாட்டில் பதிவு செய்ய வேண்டும்; அதற்குக் கடன் தொகையில் 0.5 விழுக்காடு முத்திரைத்தீர்வை, 30 ஆயிரம் ரூபாய் உச்சவரம்பு. எங்களுக்கு 16,800 ஆயிற்று; பதிவுக் கட்டணமும் எழுத்துக் கூலியும் தனி. வங்கியின் பரிசீலனைக் கட்டணத்துக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வேறு.

கிரயப் பதிவு ஒரே காலையில் முடிந்தது. ஆனால் கட்டடக் கள ஆய்வு முடியும்வரை பத்திரத்தைத் தரவில்லை. விற்பவர் பிற்காலத்தில் மாடியில் கட்டிய ஓர் அறை, பழைய பத்திரத்தைப் பார்த்து எழுதிய எங்கள் கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் இல்லை. அதைச் சேர்த்து மதிப்பு 47.5 லட்சம் என்று கணக்கிட்டு, கூடுதலான ஒன்றரை லட்சத்துக்கு 9 விழுக்காடாக 13,500 ரூபாய் கட்டச் சொன்னார்கள். வங்கியோ பத்திரம் எப்போது வரும் என்று நாள்தோறும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தது. வரைவுப் பத்திரம் கைக்கு வந்ததும், டேப்பை எடுத்துக்கொண்டு போய்த் தரைத்தளம், மாடி, கழிவறை, போர்ட்டிகோ என எல்லாவற்றையும் அளந்து, அதில் எழுதியிருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எங்களுக்குச் சாதகமாக முடிந்தது ஒன்றே ஒன்று. பதிவுக்கு முந்தைய வாரம் சொத்துவரி ரசீதுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்த என் மனைவி, ஐந்து அரையாண்டுகளுக்கு வரி கட்டப்படவில்லை என்பதைக் கண்டுபிடித்தார். நிலுவை முழுவதையும் மீதித் தொகையில் கழித்துக்கொள்ள விற்பவர் ஒப்புக்கொண்டார். பதிவு முடிந்த பிறகு கேட்டிருந்தால் அது எங்கள் தலையில்தான் விழுந்திருக்கும். மின் கட்டணத்தையும் அதே நாளில் சரிபார்த்துக்கொண்டோம். உட்பிரிவு இல்லாத மனை என்பதால் பட்டா சிக்கலின்றி எங்கள் பெயருக்கு மாறியது.

குடிவந்த முதல் வாரத்திலேயே ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் எரிந்துபோனது. சமையலறை வயரிங்கையும் மாற்ற வேண்டியிருந்தது. இரண்டுக்கும் சேர்த்து 41 ஆயிரம். அந்தப் பணம் எங்களிடம் இல்லை. தம்பியிடம் கைமாற்றாக வாங்கினேன். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நகைக்கு மட்டும் இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம்.