ஹால்ட்ங்கிற பேரு யாருக்கு?

போன வாரம் ராத்திரி ஒரு மணிக்கு தண்ணி குடிக்க எந்திரிச்சவ சும்மா இல்லாம போனைப் பாத்தேன், தம்பியோட பந்து குரூப்புல 143 மெசேஜ். யாருக்காவது கால் கீல் உடைஞ்சிருச்சோன்னு பதறிப் போயி திறந்தா ஒண்ணும் இல்ல, புது ஜெர்சியில நெஞ்சுல என்ன பேரு போடுறதுன்னு சண்டை. அந்தக் குரூப்புல நான் எதுக்கு இருக்கேன்னு கேட்டா, நான்தான் டிசைனர். சம்பளம் கிடையாது. பத்து வருஷத்துக்கு முன்னாடி "அக்கா, ஒரே ஒரு லோகோ, ப்ளீஸ்கா"ன்னு கெஞ்சி ஆரம்பிச்சானுங்க, அதுக்கப்புறம் எத்தனை தடவ எக்ஸிட் ஆனாலும் அஞ்சே நிமிஷத்துல திரும்ப உள்ள இழுத்துப் போட்டுடுறானுங்க.

நாங்க வளந்தது சிங்கப்பூர்ல தங்லின் ஹால்ட். சாயங்காலம் ஆனா பசங்க ஸ்ட்ரீட் சாக்கர் கோர்ட்ல பந்து விளையாடுவாங்க, டீமுக்குன்னு யாரும் உக்காந்து பேரு வைக்கல, மத்த ஏரியாக்காரங்க "ஹால்ட் பசங்க வர்றாங்கடா"ன்னு சொல்லிச் சொல்லி அதுவே பேராயிடுச்சு. ஹால்ட்னா ரயில் கொஞ்ச நேரம் நின்னு போற சின்ன ஸ்டாப், அந்தப் பக்கமா மலாயா ரயில் ஓடினதால வந்த பேரு. ரயில் 2011ல நின்னுச்சு. 2014ல எங்க பிளாக்கெல்லாம் செர்ஸ்ல, அதாவது பழைய பிளாக்கை எடுத்துக்கிட்டு வேற வீடு குடுக்கிற திட்டத்துல, போகுதுன்னு வீடமைப்புக் கழகம் எச்டிபி சொல்லிட்டாங்க. நெறைய பேரு பக்கத்துலயே டாசன்ல குடுத்த புது வீட்டுக்குப் போயிட்டாங்க, எங்க அம்மா மட்டும் பேரப்பிள்ளைங்க பக்கத்துல இருக்கணும்னு பிடிவாதமா தீவோட வடகிழக்குல இருக்கிற பொங்கோல் வந்தாங்க, எங்க பின்னாடியே இன்னும் மூணு குடும்பம் வந்துச்சு.

கொஞ்ச வருஷம் ஞாயித்துக்கிழமை எல்லாரும் எம்ஆர்டி புடிச்சு ஒரே இடத்துல கூடி விளையாடினாங்க. அப்புறம் ஒருத்தனுக்குக் கல்யாணம், ஒருத்தனுக்கு ஷிஃப்ட் வேலை, ஒருத்தனுக்கு முட்டி வலி, அப்படியே ரெண்டாப் பிரிஞ்சு போச்சு. இப்ப பொங்கோல்ல என் தம்பி ஒரு டீம் வச்சிருக்கான், பாதி பேரு தங்லின் ஹால்ட் எங்க இருக்குன்னே தெரியாத புதுப் பசங்க. டாசன்ல ஒரு டீம் இருக்கு, அதுல பழைய ஆளுங்களோட மருமகன், தம்பின்னு சின்னப் பசங்க. ரெண்டு பேருக்கும் ஹால்ட்ங்கிற பேரு வேணும். "பேரை வளத்தது நாங்க"ன்னு இவன் சொல்றான். "இடம் எங்க கிட்ட இருக்கு"ன்னு அவனுங்க சொல்றானுங்க. லோகோ ஃபைல் என் லேப்டாப்புல இருக்கு, இதுதான் பிரச்சினை.

மறுநாள் ஹூஸ்டன்ல இருக்கிற பெரியம்மா பையன் போன் பண்ணாரு, அண்ணன் 1990கள் ஆரம்பத்துல படிக்கப் போயி அங்கயே செட்டில் ஆனவரு. சிரிக்கட்டும்னு இந்தக் கதையச் சொன்னேன். மனுஷன் சிரிக்கல. "பேரை எடுத்துட்டுப் போயிடாதீங்கம்மா, அது பெரிய பாவம்"ன்னு ரொம்ப சீரியஸா ஆரம்பிச்சு ஒரு மணி நேரம் பேசினாரு. அவரு சொன்னது அமெரிக்கன் ஃபுட்பால், நம்ம பந்து இல்ல, ஹெல்மெட் போட்டு மோதிக்குவாங்களே அது. ஆனா கதை நம்ம கதைதான்.

ஹூஸ்டன்ல ஆயிலர்ஸ்னு ஒரு டீம் இருந்துச்சு. எண்ணெய் ஊரு, அதனால ஆயிலர்ஸ், லோகோவே எண்ணெய்க் கிணத்து டவர், ஜெர்சி வானம் மாதிரி இளநீலம். 1960ல ஆரம்பிச்சு முதல் ரெண்டு வருஷமும் அப்ப இருந்த ஏஎஃப்எல்ங்கிற லீக்ல சாம்பியன். ஓனர் பட் ஆடம்ஸ் புது ஸ்டேடியம் கேட்டாரு, ஹூஸ்டன் குடுக்கல, டென்னஸீல நாஷ்வில் குடுக்கறேன்னு சொல்லுச்சு, 1997ல டீமை அப்படியே தூக்கிட்டுப் போயிட்டாரு. ஆனா போன இடத்துல ஸ்டேடியம் கட்டி முடிக்கல. அதனால முதல் வருஷம் ஹோம் மேட்ச் எல்லாம் மெம்ஃபிஸ்ல. டீம் இருக்கிறதும் பிராக்டிஸ் பண்றதும் நாஷ்வில்ல, "ஹோம்" மேட்சுக்குப் போறது 300 கிலோமீட்டருக்கு மேல தள்ளி. அதாவது இங்க பீஷான்ல பிராக்டிஸ் பண்ணிட்டு வாராவாரம் கோலாலம்பூர் போயி அதுதான் எங்க சொந்த மைதானம்னு சொல்ற மாதிரி. மெம்ஃபிஸ்காரங்களுக்கும் கடுப்பு, அவங்க தங்களுக்குன்னு ஒரு டீம் கேட்டு ஏமாந்தவங்க, அடுத்த ஊருக்குப் போற டீமுக்கு எதுக்குக் கை தட்டணும்? சீட் காலியாக் கெடந்துச்சாம். அடுத்த வருஷம் நாஷ்வில்லயே ஒரு யுனிவர்சிட்டி மைதானத்துல விளையாடுனாங்க.

இதுல எனக்குப் புடிச்ச கூத்து என்னன்னா இந்த ரெண்டு வருஷமும் பேரு டென்னஸீ ஆயிலர்ஸ். நாஷ்வில் பாட்டுக்குப் பேர் போன ஊரு, அங்க எண்ணெய்க்கு என்ன வேலை? (அமெரிக்காவுல இது சகஜம் போல, நியூ ஆர்லின்ஸ்ல இருந்து போன ஜாஸ்ங்கிற பாஸ்கெட்பால் டீம் இன்னும் யூட்டால ஜாஸ்தான். லேக்கர்ஸ் ஏரி நெறஞ்ச மினசோட்டால இருந்து போனது, எல்ஏல, அதான் லாஸ் ஏஞ்சலஸ்ல, ஏரிக்கு எங்க போறது.) கடைசியில 1999ல புது ஸ்டேடியம் திறந்தப்ப டைட்டன்ஸ்னு மாத்தினாங்க. அதுக்கு ஒரு லாஜிக் இருக்கு. நாஷ்வில்லுக்குத் தெற்கத்தி ஏதென்ஸ்னு ஒரு பட்டப் பேரு, ஊருக்குள்ள கிரேக்க ஏதென்ஸ்ல இருக்கிற பார்த்தினான் கோயிலை அதே சைஸ்ல கட்டி வச்சிருக்காங்க, அதனால கிரேக்கக் கதையில வர்ற டைட்டன் ஒட்டிக்கிச்சு. அப்ப வச்ச லோகோவைத் தேடிப் பாத்தேன், வட்டத்துக்குள்ள ஒரு டி எழுத்து, சுத்தி மூணு நட்சத்திரம், பின்னாடி நெருப்பு வாலு. நெருப்பு வாலு அந்தக் காலத்து வியாதி, எல்லாருக்கும் இருந்துச்சு, விட்டுடலாம். ஆனா அந்த மூணு நட்சத்திரமும் வட்டமும் டென்னஸீ மாநிலக் கொடியில இருந்து எடுத்தது. அதுதான் சரியான வேலை. புது ஊருக்குப் போறவன் அந்த ஊரு ஜனங்க ஏற்கெனவே கும்பிடுற ஒரு பொருளைத் தேடி எடுக்கணும், தன் பழைய மூட்டையில இருந்து எடுக்கக் கூடாது. இளநீலத்தை மட்டும் விடல, கருநீலத்தோட சேத்துக்கிட்டாங்க. அந்த முதல் சீசன்லயே சூப்பர் பவுல் வரைக்கும் போயி கடைசி நிமிஷத்துல ஒரே ஒரு கஜம் பாக்கி இருக்கப்ப தோத்தாங்க. யார் கிட்ட? செயின்ட் லூயிஸ் ராம்ஸ், அதுவும் எல்ஏல இருந்து மூட்டை கட்டிட்டுப் போன டீம். இப்ப திரும்ப எல்ஏக்கே வந்துருச்சு.

சரி, புதுப் பேரு வச்சாச்சுல்ல, பழைய பேரை ஹூஸ்டனுக்குக் குடுத்திருக்கலாம்ல? குடுக்கல. 2002ல ஹூஸ்டனுக்குப் புது டீம் வந்தப்ப டெக்ஸன்ஸ்னு தான் பேரு வைக்க வேண்டியதாப் போச்சு. பழைய பேரும் டவரும் நாஷ்வில் பெட்டிக்குள்ள. சரி பெட்டியிலயாவது இருக்கட்டும்னா, 2023 டிசம்பர்ல அந்தப் பழைய ஆயிலர்ஸ் ஜெர்சிய மாட்டிக்கிட்டு டைட்டன்ஸ் இறங்கினாங்க, எதிர்ல யாருன்னா ஹூஸ்டன் டெக்ஸன்ஸ். "நம்ம வீட்டுல திருடுன சேலையக் கட்டிக்கிட்டு நம்மளையே கல்யாணத்துக்குக் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சும்மா"ன்னாரு அண்ணன். அந்த மேட்ச்ல எக்ஸ்ட்ரா டைம்ல ஹூஸ்டன் 19–16ன்னு ஜெயிச்சுது, அதை மூணு தடவ சொன்னாரு. வீடியோவுல பின்னாடி ஷெல்ஃப்ல ஒரு இளநீலத் தொப்பி இருந்துச்சு, முன் பக்கம் வெளுத்துப் போயி டவர் மட்டும் லேசாத் தெரியுது. வருஷக்கணக்கா அதை நான் ஏதோ கம்பெனி தொப்பின்னு நினைச்சிட்டிருந்தேன்.

இதே சமயம் கிளீவ்லண்ட்ல வேற மாதிரி நடந்துச்சு. 1995ல பிரவுன்ஸ் டீமை பால்டிமோருக்குக் கொண்டு போறேன்னு ஓனர் சொன்னதும் ஊரே கொந்தளிச்சு கோர்ட்டு கேஸுன்னு போனாங்க, கடைசியில ஆளுங்களைக் கூட்டிட்டுப் போ, பேரு, கலர், ரெக்கார்டு எல்லாம் இங்கயே இருக்கட்டும்னு முடிவாச்சு. பால்டிமோர் போன டீம் ரேவன்ஸ் ஆச்சு, 1999ல கிளீவ்லண்டுக்குப் புது டீம் அதே பிரவுன்ஸ் பேர்ல வந்துச்சு. அது வந்து விளையாடின லட்சணத்தைப் பத்தி அண்ணன் சொன்னதை இங்க எழுத முடியாது. ஆனாலும் பேரு ஊருல இருக்குல்ல.

நம்ம பந்துலயும் உண்டு. எங்கப்பா லிவர்பூல் பக்தர், 1988 இங்கிலாந்து எஃப்ஏ கப் ஃபைனல்ல பெனால்டியக் கோட்டை விட்டு விம்பிள்டன் கிட்ட 1–0ன்னு தோத்ததை இன்னும் மன்னிக்கல. அதே விம்பிள்டனை 2003ல கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர் தள்ளி மில்டன் கீன்ஸுக்குத் தூக்கிட்டுப் போயி அடுத்த வருஷம் எம்கே டான்ஸ் (MK Dons)னு பேரு மாத்திட்டாங்க. விம்பிள்டன்ல கடைசி ரெண்டு எழுத்தை மட்டும் பிச்சு எடுத்துட்டுப் போன மாதிரி. ஃபேன்ஸ் சும்மா இருக்கல, டீம் போறதுக்கு முன்னாடியே 2002ல ஏஎஃப்சி விம்பிள்டன்னு சொந்தமா ஒண்ணு ஆரம்பிச்சு, பொது மைதானத்துல ட்ரையல்ஸ் வச்சு ஆள் எடுத்து, அடிமட்ட லீக்ல இருந்து ஏறி வந்தாங்க. 2007ல அந்தப் பழைய கப்பு, ரெக்கார்டு எல்லாத்தையும் எம்கே டான்ஸ் விம்பிள்டன் பக்கமே திருப்பிக் குடுத்துட்டாங்க. அப்பாகிட்ட இதைச் சொன்னதுக்கு "பெனால்டியத் திருப்பிக் குடுத்தாங்களா"ன்னு கேட்டாரு.

சிங்கப்பூர்ல ஊரு மாற வேண்டியதே இல்ல, பேரு மட்டும் பஸ் ஏறிப் போகும். கேலாங் டீம் பல வருஷம் வேற ஏரியாவான பிடோக்ல விளையாடுச்சு, யாருக்கும் அது விநோதமாத் தெரியல. ஹவ்காங் யுனைட்டட் கதை இன்னும் ஜோரு. 1998ல மரீன் காசல் யுனைட்டட், 2002ல செங்காங் மரீன், 2006ல செங்காங் பொங்கோல், செங்காங்னு பேரு வச்சுக்கிட்டு விளையாடினது ஹவ்காங் ஸ்டேடியத்துல! 2011லதான் யாரோ தலை நிமிந்து ஸ்டேடியம் போர்டைப் பாத்திருக்கணும், ஹவ்காங் யுனைட்டட்னு மாத்தினாங்க. உடனே ஹூல்ஸ்னு ஒரு ஃபேன்ஸ் கூட்டம் வந்துச்சு, டிரம் அடிச்சுக்கிட்டு, பாட்டுப் பாடிக்கிட்டு. 2022ல தெம்பனிஸை 3–2ன்னு அடிச்சு சிங்கப்பூர் கப் வாங்கினாங்க, கிளப்புக்கு முதல் கப்பு. பேரு மாத்தினதாலதான் ஜெயிச்சாங்கன்னு நான் சொல்ல வரல. ஆனா "செங்காங் பொங்கோல்"னு எவனாவது டிரம் அடிச்சுப் பாடுவானா, சொல்லுங்க. வாய்லயே வராது.

இதெல்லாம் தம்பிகிட்ட சொன்னேன். "நீ இப்ப பட் ஆடம்ஸ் வேலை பாக்குறடா"ன்னேன். "யாருக்கா அது"ன்னான். கதையச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் மெதுவா, "அப்ப கலரு?"ன்னான்.

கலருக்கு ஒரு கதை இருக்கு. முதல் ஜெர்சி அடிச்சப்ப நான் குடுத்தது நல்ல ஆரஞ்சு. குவீன்ஸ்வே ஷாப்பிங் சென்டர்ல ஒரு கடையில குடுத்தோம், ஒரு பீஸ் 22 வெள்ளி. போயி வாங்கினா பாதி பழுத்த பப்பாளியை வெட்டி வச்ச மாதிரி ஒரு கலரு. கேட்டா துணியில அப்படித்தான் வரும்னுட்டாங்க. சனிக்கிழமை சாயங்காலம், மறுநாள் மேட்ச், வேற வழியே இல்ல. அந்தப் பப்பாளியப் போட்டுக்கிட்டு அன்னைக்கு 4–1 ஜெயிச்சானுங்க, அதோட அதுவே எங்க கலராயிடுச்சு. நெஞ்சுல ஒட்டின எழுத்து மட்டும் துவைக்கத் துவைக்க உரிஞ்சு, கடைசி எழுத்து போயி "ஹால்"னு நின்னுச்சு. அம்மா அதைக் கொடியில காயப் போடுறப்பெல்லாம் "உன் ஹால் காஞ்சிடுச்சு, எடுத்து வை"ன்னுதான் சொல்லுவாங்க.

கலரை எடுத்துக்கோ, டைட்டன்ஸே இளநீலத்தை எடுத்துக்கிட்டுத்தான் போனாங்க, பேரை விட்டுடுன்னேன். புதுப் பேரு என்னன்னு ரெண்டு நாள் மண்டையப் போட்டு உடைச்சோம். பொங்கோல் டைகர்ஸ், பொங்கோல் வாரியர்ஸ்னு வந்துச்சு, டைகரைப் பொங்கோல்ல எவன் பாத்தான், காட்டுப்பன்னி வேணா பாக்கலாம். அப்புறம் ஒரு புதுப் பையன், சீனப் பையன், அவன்தான் சொன்னான், நம்ம விளையாடுற கோர்ட்டுக்குப் பக்கத்துல எல்ஆர்டி ஸ்டேஷன் இருக்கே, அது பேரு நல்லாத்தானே இருக்குன்னு. கடலூர்! தினம் அதுல ஏறி இறங்குறோம், போர்டுல தமிழ்ல எழுதியிருக்கு, எங்களுக்குத் தோணல. கடலு, ஊரு, பொங்கோலுக்கு அதை விடப் பொருத்தமா என்ன வேணும். அதுவும் ரயில் நின்னு போற சின்ன ஸ்டாப்புதான், அதை யோசிச்சப்ப எனக்கு லேசா சிலிர்த்துச்சு. ஆனா ஊர்ல இருக்கிற மாமாகிட்ட தம்பி சொன்னதுக்கு "கடலூர்ல எந்தத் தெருடா"ன்னு கேட்டாராம்.

முந்தாநேத்து ராத்திரி டாசன் பசங்களுக்கு ஃபைலை அனுப்பிட்டேன். ஹால்ட் லோகோ, ஃபான்ட், பப்பாளி கலர் நம்பர் முதக்கொண்டு எல்லாம். பெரிய மனசு பண்ணிட்ட மாதிரி ஒரு ஃபீலிங்கோட படுத்தேன். காலையில ரிப்ளை வந்திருந்துச்சு:

"தேங்க்ஸ்கா!! சூப்பர்கா!! ஹால்ட் எழுத்தை மட்டும் கொஞ்சம் பெருசாக்கித் தர முடியுமா? அப்புறம் அந்த பிங்க் கலர் வேணாம்கா, கறுப்பு போட்டுக்கிறோம்."