தாய்லாந்தில் ஆங்கில ஆசிரியர் வேலை: சென்னையிலேயே முடிக்க வேண்டிய பாதி வேலை

பி.எட். இல்லாத புதுப் பட்டதாரி வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கப் போவதென்றால், முதலில் எந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது என்று பார்க்க வேண்டும். கொரியாவின் இ-2 விசா பொதுவாக ஏழு ஆங்கில நாடுகளின் குடிமக்களுக்கு மட்டும். இந்தியருக்கு இரு நாட்டு ஒப்பந்தத்தின்படி வழி ஒன்று உண்டு, ஆனால் அதற்கு ஆசிரியர் தகுதி வேண்டும். வளைகுடாவிலும் நல்ல பள்ளிகள் பி.எட். கேட்கும். எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கியிருந்தாலும், ஆசிரியர் உரிமத்துக்குத் தற்காலிக விலக்கு வாங்கிக்கொண்டு வகுப்பெடுக்கத் தாய்லாந்தில் வழி இருக்கிறது.

அங்கே பள்ளி மே நடுவில் திறக்கும், இரண்டாம் பருவம் நவம்பரில். நம் கல்லூரித் தேர்வு முடிவும் சான்றிதழும் கைக்கு வருவதற்குள் மே ஓடிவிடும். அதனால் நவம்பரைக் குறிவையுங்கள். அதற்கு ஆள் எடுப்பது செப்டம்பர், அக்டோபரில். ப்ரொவிஷனல் சான்றிதழ் போதுமா, பட்டமே வேண்டுமா என்று பள்ளியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

காகித வேலையில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு நாட்டின் ஒரே முத்திரையை மற்ற நாடுகள் ஏற்கும் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் தாய்லாந்து இல்லை. ஆகவே அப்போஸ்டில் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தால் பணம் வீண். மாநில உயர்கல்வித் துறை, வெளியுறவு அமைச்சகம், பிறகு சென்னையிலுள்ள தாய்லாந்து துணைத் தூதரகம் என்ற வரிசையில் அட்டெஸ்டேஷன் (சான்றிதழ் உண்மையானது என்ற முத்திரை) வாங்க வேண்டும். முத்திரை சான்றிதழின் பின்பக்கம் விழும். வீட்டில் பத்திரமாக இருக்கட்டும் என்று லாமினேட் செய்து வைத்திருந்தால் முத்திரை குத்த முடியாது; உரித்தால் எழுத்தும் சேர்ந்து வரும், பிறகு பல்கலைக்கழகத்தில் டூப்ளிகேட்டுக்கு நடக்க வேண்டும். கையில் வாங்கிய அன்றே பிளாஸ்டிக் உறையில் போடுங்கள், லாமினேட் வேண்டாம்.

அடுத்து இனிஷியல். மார்க் ஷீட்டில் 'ஆர். கவிதா', பாஸ்போர்ட்டில் 'கவிதா ராமசாமி' என்றிருந்தால் தாய்லாந்து அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒரே ஆள் என்று தெரியாது. இனிஷியலின் விரிவு அப்பா பெயர் என்று நோட்டரி அஃபிடவிட் ஒன்று போட்டு, சான்றிதழ்களோடு சேர்த்தே வையுங்கள். காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழுக்குப் பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பிக்கலாம்; கட்டணம் 500 ரூபாய்.

120 மணி நேர டெஃபல் (ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சி) சான்றிதழ் இருந்தால் விண்ணப்பத்தைத் திறந்து பார்ப்பார்கள். கையில் பணமிருந்தால் செல்டா என்ற கேம்பிரிட்ஜ் ஆசிரியர் பயிற்சி எவ்வளவோ மேல். அதில் 6 மணி நேரம் நிஜ மாணவர்கள் முன் நின்று பாடம் எடுத்தே ஆக வேண்டும். டோயிக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் 600க்கு மேல் எடுத்திருக்கிறீர்களா என்றும் பல பள்ளிகள் கேட்கும்.

வேலையைத் தீர்மானிப்பது டெமோ வகுப்பு. உச்சரிப்பில் கவனம் வேண்டும். தாய்லாந்துப் பிள்ளைகள் சொல்லின் கடைசி மெய்யை விழுங்குவார்கள்: 'ரைஸ்' அவர்கள் வாயில் 'ராய்' ஆகும், 'பஸ்' 'பட்' ஆகும். நாமோ கடைசியில் உகரம் சேர்த்து 'பஸ்ஸு' என்போம். நீங்கள் 'பஸ்ஸு' என்றால் பிள்ளைகளுக்கு இன்னொரு தவறு பழகும். ஐந்து உணவுப் படங்களைப் பலகையில் ஒட்டி, கண்ணை மூடச் சொல்லி ஒன்றை எடுத்துவிட்டு, எது காணோம் என்று கேளுங்கள். பிள்ளைகள் பேசினால் போதும், நீங்கள் இலக்கணம் விளக்க வேண்டாம்.

விளம்பரங்களில் 'என்.என்.இ.எஸ்.' என்றிருந்தால் ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவருக்கான சம்பளம் என்று பொருள், குறைவாகத்தான் இருக்கும். இது நியாயமில்லை, ஆனால் நடப்பு அதுதான். சம்பளம் 12 மாதத்துக்கா 10 மாதத்துக்கா என்று கட்டாயம் கேளுங்கள். ஏஜென்சி ஒப்பந்தங்களில் விடுமுறை மாதங்களுக்குச் சம்பளம் இல்லாமல் போவது சாதாரணம். இங்குள்ள ஏஜென்ட் வழியாகப் போனால் இந்திய அரசின் எமிகிரேட் தளத்தில் அவர் பதிவைப் பாருங்கள். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் வரியும்தான்.

சுற்றுலாவாக உள்ளே வந்துவிடு, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். வேலைக்கான நான்-இமிகிரன்ட் பி விசாவோடு போங்கள். வேலை அனுமதி கைக்கு வரும்வரை வகுப்பெடுப்பது சட்டவிரோதம், மாட்டினால் பள்ளியோடு நீங்களும் மாட்டுவீர்கள்.

அறைக்குப் பல இடங்களில் இரண்டு மாத டெபாசிட்டும் ஒரு மாத முன்வாடகையும் கேட்பார்கள். சென்னையின் பத்து மாத அட்வான்ஸைப் பார்த்தவர்களுக்கு இது லேசாகத் தெரியும், ஆனால் முதல் சம்பளம் மாதக் கடைசியில்தான். இரண்டு மாதச் செலவுக்கான பணம் கையில் இருக்கட்டும். பாங்காக்கில் இறங்குபவர்களுக்கு சீலோம் சாலை மாரியம்மன் கோயில் ஆறுதல். தமிழர்கள் கட்டியது, நவராத்திரிக்கு அந்தத் தெருவே திருவிழாவாக இருக்கும்.

90 நாளுக்கு ஒருமுறை முகவரியைக் குடிவரவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். நாள் தவறிய பிறகு நீங்களே போய்ச் சொன்னால் 2,000 பாத் அபராதம். அக்கா கல்யாணத்துக்கு நாலு நாள் ஊருக்கு வருவதானாலும், கிளம்பும் முன் 1,000 பாத் கட்டி ரீ-என்ட்ரி பெர்மிட் (திரும்ப நுழையும் அனுமதி) வாங்கிவிடுங்கள். சுவர்ணபூமி விமான நிலையத்திலேயே அதற்குக் கவுன்ட்டர் உண்டு. அது இல்லாமல் விமானம் ஏறினால் தங்கும் அனுமதி அன்றோடு ரத்து, விசாவை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.