கச்சான் காத்தும் ஹியூகோவும்

2024 ஜூன் 9

விடிய எழும்பி ஃபோனப் பாத்தா கொழும்புல இருந்து தம்பி வொய்ஸ் மெசேஜாப் போட்டுத் தள்ளியிருக்கான், ஆருக்கு என்ன ஆச்சோ எண்டு நெஞ்சு பக்கெண்டு போச்சு, கேட்டா "அக்கா நம்மட ஆள் அடிச்சிட்டான்". கிரிக்கெட்டா இருக்க ஏலாது, நேத்துத்தான் பங்களாதேஷ்கிட்ட தோத்துக் கிடக்கம். மறுகாதான் விளங்கிச்சு, வஜ்ர சந்திரசேகரவுக்கு நெபியுலா, விஞ்ஞானக் கதை மாயக் கதைக்குக் குடுக்கிற விருது. 'த செயின்ட் ஒஃப் பிரைட் டோர்ஸ்', கொழும்பு ஆள், முதல் நாவல், அதுக்கு அமெரிக்காவில நாவலுக்கான நெபியுலா.

அம்மா குசினிக்குள்ள நிண்டு "எவ்வளவு காசு புள்ள குடுப்பாங்க" எண்டா. காசு இல்லம்மா, கண்ணாடிக் கட்டி ஒண்டு, உள்ளுக்க கல்லும் நட்சத்திரமும் மாதிரி மினுங்கும் எண்டன். "அப்ப என்னத்துக்கு அவன் இந்தக் கத்துக் கத்துறான்" எண்டு தேத்தண்ணியக் கொண்டு வந்து வச்சிட்டுப் போயிட்டா.

மற்ற விருது ஹியூகோ இன்னும் வரல்ல, அது ஓகஸ்ட்ல கிளாஸ்கோவில. நெபியுலா எழுதுற ஆக்கள் தங்களுக்குள்ள வோட்டுப் போட்டுக் குடுக்கிறது, ஹியூகோ வாசிக்கிற சனம் காசு கட்டி உறுப்பினராகி வோட்டுப் போட்டுக் குடுக்கிறது. ரெண்டாவதுதான் எனக்குப் பெரிசு. 1953 ல இருந்து குடுக்கிறாங்க, வாசகர்ட கூத்து அது, சண்டையும் அதுலதான் கூட.

2024 ஜூன் 12

புத்தகத்த திரும்ப எடுத்தன். ஃபெட்டர் எண்டு ஒரு பொடியன், பிறந்த உடன தாய் அவன்ட நிழலப் பிச்செடுத்திடுறா, தகப்பனக் கொல்லத்தான் அவன வளக்கிறா. தகப்பன் ஆரெண்டா உலகமே கும்பிடுற ஒரு மகான். பொடியன் வளந்து இந்தச் சோலியே வேணாம் எண்டு பெரிய நகரத்துக்கு ஓடிப் போறான், அங்க போனா "தெரிவு செய்யப்படாம போன" ஆக்களுக்கெண்டு ஒரு குறூப், எல்லாரும் வட்டமா இருந்து தங்கட கவலையக் கதைக்கிறாங்க. அந்த இடத்தில சிரிச்சு முடியல்ல. நாலு பக்கம் தள்ளினா ஊரடங்கு, கலவரம், ஆக்கள இனம் சாதி எண்டு பிரிச்சு எழுதுற கந்தோர், முகாம்.

இலங்கை எண்டு ஒரு இடத்திலயும் சொல்லல்ல. ஆருக்கும் விளக்கம் குடுக்கவும் இல்ல. எனக்கு இதுதான் பிடிச்சது, இதுதான் பொறாமையும். நான் எழுதுற கதையில முதல் ரெண்டு பக்கமும் எழுவான்கரை எண்டா மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கால, படுவான்கரை எண்டா மேற்கால, பாதை எண்டா வாகனத்தையும் ஆக்களையும் ஏத்திக்கொண்டு வாவியக் கடக்கிற மிதவை எண்டு போகுது. சுற்றுலாக் கையேடு வாசிக்கிற மாதிரி இரிக்கு. ஆருக்கு இந்த விளக்கம்? மண்டூர்க்காரனுக்கா? நியூயோர்க்காரன் கேட்டவனா?

2024 ஜூன் 21

போசன் லீவு, பௌர்ணமிப் போயா. பின்னேரம் கல்லடிக் கடக்கரையில நாங்க வழமையான ஆக்கள் கூடினம், மச்சாளும் வந்தவ, காத்தான்குடியில இருந்து நானாவும் வந்தவர் (முஸ்லிம் அண்ணன் ஒருத்தர், நானா எண்டுதான் கூப்பிடுறது, போட்டோகொப்பிக் கடை வச்சிருக்கிறவர், எங்கட வாசிப்பு முழுக்க அவர்ட மெசினால ஓடுது). கச்சான் காத்து வெளுத்து வாங்கிச்சு, தாள் எல்லாம் பறக்குது, கல்லு வச்சு வச்சுத்தான் வாசிச்சது.

இந்த முறை ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்கள், 'ரோட்சைட் பிக்னிக்', 1972 ல சோவியத் பத்திரிகையில வந்தது. வேற்றுக்கிரக ஆக்கள் வந்து இறங்கி, ஒருத்தரோடயும் கதைக்காம, குப்பையப் போட்டுட்டுப் போயிட்டாங்க, அந்த இடம் இப்ப வலயம். அதுக்குள்ள களவாப் போய் சாமான் எடுத்து விக்கிறவங்கட கதை. கால் வைக்க முதல் சின்ன இரும்பு நட்ட எறிஞ்சு பாப்பாங்க, அது விழுற விதத்த வச்சுத்தான் அந்த இடத்தில போகலாமா ஏலாதா எண்டு முடிவு.

மச்சாள்ட ஊர் படுவான்கரைப் பக்கம். அவ ஒண்டும் பெரிசா சொல்லல்ல, "எங்கட வயலுக்க மிதிவெடிச் சிவப்புப் போர்ட் மண்டையோட்டோட நிண்டது, மாடு போய் வாற வழியாலதான் நாங்களும் போன" எண்டா. நானா கேட்டார் "மாடு போகாட்டி?" "போகாட்டி நாங்களும் போகல்ல." நானூறு பக்கம் ஆராய்ச்சி எழுதினாலும் அந்தப் புத்தகத்தப் பத்தி இதவிட ஒராள் சொல்ல ஏலாது.

தார்க்கோவ்ஸ்கி இத 1979 ல 'ஸ்டோக்கர்' எண்டு படமாக்கினவர், தம்பி அதப் பாத்துட்டு நித்திரையாப் போனவன். எனக்குப் பிடிக்கும், ஆனா அதில வேர்வை இல்ல. புத்தகத்தில பொடியனுக்கு சம்பளப் பிரச்சினை, குடி, சுகமில்லாத மகள், எல்லாம் இரிக்கு. சோவியத்தில இது பத்திரிகையில வந்ததுக்குப் பிறகு புத்தகமா வர 1980 ஆச்சு, பதிப்பகம் அத வெட்டு இத மாத்து எண்டு எத்தின வருசம் இழுத்தடிச்சிருக்கு. அதுவும் அரசியலுக்காக மட்டுமில்ல, பாத்திரங்கள் கெட்ட வார்த்தை பேசுதாம், குடிக்குதாம்.

2024 ஜூன் 30

ரியூசன் முடிஞ்சு வந்து கதைய எழுதினன். எங்கட கதை இதுதான்: ஒரு பாதை, அக்கரைக்குப் போக அரை மணித்தியாலம்கூட எடுக்காது, ஆனா ஒரு நாள் புறப்பட்டது இன்னும் போய்ச் சேரல்ல. அதில இரிக்கிற ஆக்களுக்குப் பத்து நிமிசம்தான் போயிருக்கு. கரையில நிக்கிறவங்களுக்கு 34 வருசம். அவ்வளவுதான், விஞ்ஞானம் எண்டு பாத்தா ஒளி வேகத்துக்குக் கிட்டப் போற கப்பலுக்கு நடக்கிறத வாவியில நடத்தியிரிக்கன். ஏன் நடக்குது எண்டு கதையில சொல்லுறல்ல.

34 எண்டா 1990, எங்கட பக்கம் கொலை விழுந்த வருசம். அத ஏழாம் பக்கத்திலதான் வச்சிரிக்கன், அதுவும் ஒரு வரியில.

2024 ஜூலை 6

அலுமாரி துப்புரவாக்கினன், ஆதர் சி. கிளார்க் எல்லாம் கறையான் தொடாம தப்பியிரிக்கு. அந்த மனிசன் முதல்ல 1954 டிசம்பர்ல கப்பல்ல போற வழியில கொழும்பப் பாத்தவர், 1956 ல வந்து தங்கினவர், 2008 ல சாகுமட்டும் இஞ்சதான். திருகோணமலைக் கடலுக்குள்ள சுழியோடி கோணேசர் கோயில் இடிபாட்டப் பாத்ததும் 1956 லதான். அதே 2008 பெப்ரவரி 27 சுஜாதா, மார்ச் 19 கிளார்க். ஒரு மாசம்கூட இடைவெளி இல்ல, எங்களுக்கு ரெண்டு வாத்தியாரும் ஒரேயடியாப் போயிட்டாங்க.

'ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' 1979, ஹியூகோவும் நெபியுலாவும் ரெண்டும் எடுத்தது. பூமியில இருந்து விண்வெளிக்கு லிஃப்ட். அதுக்கு பூமத்திய ரேகையில ஒரு மலை வேணும், அதால மனிசன் இலங்கைத் தீவையே 800 கிலோமீற்றர் தெக்கால தள்ளி, சிவனொளிபாத மலைய ரெண்டு மடங்கு உசரமாக்கி, சிகிரியாவுக்குக் கிட்டக் கொண்டு வந்து வச்சிட்டார். ஆரும் கோவிச்சதாத் தெரியல்ல. பதினாலு வயசில வாசிக்கக்குள்ள எங்கட நாடு இந்தப் புத்தகத்தில வருதே எண்டு தலை கால் தெரியாத சந்தோசம். இப்ப வாசிக்க, அரசன், பிக்கு, எஞ்சினியர் எல்லாரும் இரிக்காங்க, எங்கட பக்கத்து வாவிக்கு மட்டும் அதில இடமில்ல. அதுக்காகக் கோவமில்ல, அவர் பாத்தத அவர் எழுதினார். ஆனா மலைய நகத்த அவருக்கு ஏலும் எண்டா ஒரு பாதைய 34 வருசம் வாவியில நிப்பாட்ட எனக்கு ஏன் ஏலாது? மட்டக்களப்புக் கடலுக்க 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் தாட்ட ஹேர்மஸ் கப்பல் கிடக்கு, அதப் பத்தியும் ஆராவது எழுதலாம், நான் இப்ப எழுத மாட்டன்.

2024 ஜூலை 14

கரண்ட் இல்ல. ரோக்கியா ஹுசைன்ட 'சுல்தானாஸ் ட்ரீம்' ஃபோன் வெளிச்சத்தில வாசிச்சன். 1905, வங்காளத்துப் பெண், இங்கிலீசில எழுதி சென்னையில வந்த ஒரு பெண்கள் பத்திரிகையில போட்டது. ஆம்பிளையெல்லாம் வீட்டுக்குள்ள, பொம்பிளை நாட்ட ஆளுறா, சூரிய வெப்பத்தில சமைக்கிறாங்க, பலூன் விட்டு முகிலில இருந்து தண்ணி இழுக்கிறாங்க. நூறு வருசத்துக்கு மேல ஆச்சு, எங்கட ஒழுங்கையில இன்னும் கரண்ட் போனா சமையல் நிக்குது. மச்சாளுக்கு அனுப்பினன், "ஆம்பிளையள உள்ளுக்க வச்சா சமையலும் அவங்கதானே" எண்டு மட்டும் பதில்.

2024 ஜூலை 23

கிளாஸ்கோக்காரர் அறிவிச்சிருக்காங்க, ஹியூகோ இறுதிச் சுற்றில போட்ட 3813 வோட்டில 377 கள்ள வோட்டாம், கழிச்சிட்டாங்க. ஆரோ ஒரு போட்டியாளர வெல்ல வைக்கக் காசு கட்டி பொய் உறுப்பினர் சேத்திருக்கு. பேர்களப் பாத்துப் பிடிச்சிருக்காங்க, ஒரே பேர்ட முதல் எழுத்த மட்டும் அகரவரிசையில மாத்தி மாத்தி, இன்னும் சில பேர் அடுத்தடுத்த இலக்கங்கள மொழிபெயர்த்த பேராம். வேலை செய்தவன் கொஞ்சமாவது யோசிச்சிருக்கலாம். எங்கட ஊர்ல செத்தவங்க வோட்டுப் போட்ட காலத்திலயும் பேர் ஒழுங்கா இருந்தது. அந்தப் போட்டியாளருக்கு இது தெரியும் எண்டதுக்கு ஆதாரம் இல்ல எண்டு பேரையும் வெளிய விடல்ல. அது நல்ல வேலை.

போன வருசம் சீனாவில, செங்டு ஹியூகோவில நடந்ததுக்குப் பிறகு இவங்க எல்லாத்தையும் வெளிப்படையாச் செய்ய வேண்டிய நிலை. அங்க குவாங்ட 'பேபல்' நாவலுக்கு வேணுமான அளவு முன்மொழிவு கிடைச்சும் "தகுதி இல்லை" எண்டு ஒரு சொல்லோட தூக்கிட்டாங்க. இந்த வருசம் பெப்ரவரியில உள்ளுக்கு நடந்த மின்னஞ்சல் வெளிய வந்தா, சீனாவுக்குப் பிரச்சினையா வரக்கூடியத எழுதினவங்க ஆரெண்டு தேடி லிஸ்ட் போட்டது மேற்கத்திய நிர்வாகிகளே. மேல இருந்து ஆரும் லிஸ்ட் கேட்டதா அதில வரல்ல, கேக்க முதலே இவங்க போட்டுக் குடுத்திட்டாங்க.

இண்டைக்கு ஜூலை 23. 83 ல கொழும்புல வாக்காளர் லிஸ்ட கையில வச்சுக்கொண்டுதான் வீடு வீடாத் தமிழரத் தேடி வந்தவங்க. ஆரும் ஆரப் பத்தியும் லிஸ்ட் எழுதினா எனக்கு வயித்தக் கலக்கும், விருதா இருந்தாலும்.

2024 ஜூலை 28

ஜனாதிபதித் தேர்தல் திகதி வந்திட்டு, ஒழுங்கையெல்லாம் அதே கதை. நான் நானாட கடைக்குப் போனன், கதைய பிரிண்ட் எடுக்க. வாசிச்சிட்டு "தங்கச்சி, ஏழாம் பக்கத்தில ஏன் ஒளிச்சு வச்சிரிக்காய்" எண்டார். நான் லியூ சிசின் கதையச் சொன்னன்: 'மூன்று பொருள்' நாவல் கலாசாரப் புரட்சிக் காட்சியோடதான் தொடங்க வேண்டியது, சீனாவில தணிக்கைக்குப் பயந்து அத நடுவுக்குத் தள்ளினாங்க, கென் லியூ இங்கிலீசுக்குக் கொண்டு போகக்குள்ள ஆசிரியர்ட விருப்பப்படி திரும்ப முன்னுக்கு வச்சார், அந்தப் புத்தகம்தான் 2015 ல ஹியூகோ எடுத்தது.

"அப்ப நீயும் முன்னுக்கு வை."

"வைக்கலாம் நானா, ஆனா..."

"90 எண்டு முன்னுக்குப் போட்டா அந்தப் பாதையில எங்கட வாப்பாவையும் ஏத்த வேண்டி வரும், அதுதானே?"

எனக்கு வாய் எழும்பல்ல. அவர்ட வாப்பா ஓகஸ்ட் 3 பள்ளிவாசல்ல தொழுதவங்களச் சுட்டதில போனவர். எங்கட மாமா செப்டெம்பர்ல போனவர். ஒரே வருசம், ரெண்டு ஊருக்கும் நடுவில நாலஞ்சு கிலோமீற்றர். பாதையில நான் ஏத்தி வச்சிரிக்கிற ஆக்கள் எல்லாம் ஒரு பக்கத்து ஆக்கள். நானா கோவமாச் சொல்லல்ல, மெசினுக்குத் தாள் வச்சுக்கொண்டே சொன்னார், காசும் வாங்கல்ல.

2024 ஓகஸ்ட் 4

மாமாங்கக் கோயில் தீர்த்தம். சனம் சனம் சனம். எழுதல்ல.

2024 ஓகஸ்ட் 7

எழுதினன். முதல் வரியிலயே பாதை புறப்படுது, மாமாவும் ஏறுறார், தொப்பி போட்ட ஒருத்தரும் ஏறுறார், ரெண்டு பேருக்கும் ஆளாளத் தெரியும், நெல்லு விலை கதைக்கிறாங்க. எழுவான்கரை படுவான்கரை விளக்கம் ரெண்டு பக்கத்தையும் வெட்டி எறிஞ்சிட்டன். தம்பிக்கு அனுப்பினா "வெளிநாட்டு ஆக்களுக்கு விளங்காது அக்கா" எண்டான். ஃபெட்டர்ட நிழல எப்பிடிப் பிச்சாங்க எண்டு உனக்கு விளங்கினதா எண்டு கேட்டன். பேசல்ல.

2024 ஓகஸ்ட் 12

வஜ்ரவுக்கு ஹியூகோ வரல்ல. எமிலி டெஷ்ட 'சம் டெஸ்பரேட் குளோரி' எடுத்திட்டு. தம்பி துக்க வீடு மாதிரி மெசேஜ் போடுறான். நான் அந்த நாவல வாசிச்சன், கெட்டி, சண்டைக்கெண்டே வளத்த ஒரு பொட்டப்புள்ள தனக்குச் சொல்லித் தந்ததெல்லாம் பொய் எண்டு கண்டுபிடிக்கிறது. பொறாமைப்பட ஏலாது. ஆனா பிரைட் டோர்ஸ்தான் எனக்கு மேல, அத ஆரோடயும் வாதாடுவன்.

அடுத்த முறை காசு கட்டி வோட்டுப் போடலாமா எண்டு மச்சாள் கேக்கிறா. டொலர ரூபாயில மாத்திப் பாத்தா பெரிய காசு வரும், ஆனா போட்டிக்கு வந்ததில நிறையத்த வாசிக்கத் தருவாங்க, அதுக்காக ஒராள் கட்டி எல்லாரும் வாசிக்கலாம் எண்டு நானா. அப்பிடிச் செய்யக்கூடாது எண்டு நினைக்கிறன். வாசிக்காம வோட்டுப் போடுறத விட இது பரவாயில்ல எண்டு அவர் நினைக்கிறார்.

2024 ஓகஸ்ட் 19

நிக்கினிப் போயா. கதைய வாசிச்சுக் காட்டினன். நானா ஒரு திருத்தம்தான் சொன்னார், அவர்ட வாப்பா நெல்லு விலை கதைக்க மாட்டாராம், அவர் புடவை யாவாரி, துணி விலைதான் கதைப்பார். மாத்துறன். மச்சாளுக்கு முடிவு பிடிக்கல்ல, பாதை கரைக்கு வரணும் எண்டு நிக்கிறா, வரட்டும் எண்டு நானும் ஒரு பக்கம் யோசிக்கிறன், வந்தா 34 வருசம் பிந்தி இறங்கிற ஆக்கள் அடையாள அட்டைக்கு எங்க போறது எண்டு நானா கேக்கிறார், அதுலயே ஒரு தனிக் கதை இரிக்கு எண்டு ஒரே சத்தம்.

அடுத்த போயாவுக்கு நெடி ஒகோரஃபோர்ட 'பிந்தி', நமீபியாவின்ட ஹிம்பாப் புள்ள ஒருத்தி உடம்பில பூசின செம்மண்ணோட வேற கிரகத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போற கதை, சின்னப் புத்தகம், கொப்பி அடிக்கச் செலவு குறைவு. தம்பி டிராகன் இல்லாத புத்தகத்துக்கு இனி லீவு போட்டு வர மாட்டானாம்.