நீலக் கட்டம்: நாட்குறிப்பிலிருந்து

6 அக்டோபர் 2025, திங்கள்

குறைதீர்வு நாள். எட்டரைக்கே என் தட்டச்சுக் கடை முன்னால் ஆட்கள் நின்றுவிட்டார்கள். இன்று தட்டச்சு செய்த மனுக்களில் பாதி, இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் கேட்டு எழுதியவை. அணைக்கட்டுப் பக்கத்துப் பையன் ஒருவன் என் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். "அக்கா, இதில் ரிவர்ஸ் இருக்கிறதா?" இல்லை என்றேன். முகம் வாடிவிட்டது. சரியான கேள்வி. ரிவர்ஸ் இல்லாத வண்டியைச் சுவரைப் பார்த்து நிறுத்திவிட்டால், வெளியே எடுக்க யாராவது பின்னால் இழுக்க வேண்டும். இழுக்க ஆள் கிடைக்கும்வரை நிற்க வேண்டும்.

மாலை, அண்ணன் படுத்திருக்கும் மருத்துவமனை. இரு சக்கர வாகன நிறுத்தத்தில் என் வண்டி இரண்டு வண்டிகளின் இடத்தை அடைக்கிறதாம். டோக்கன் கொடுக்கிற பையன் இரட்டைக் கட்டணம் கேட்டான். கார் பக்கம் போனால், "இது கார் இல்லையே அம்மா" என்கிறார் செக்யூரிட்டி பெரியவர். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, ஆக நான்கு சக்கரம் என்று எண்ணிக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

அண்ணன் கண் திறந்தார். என்னைப் பார்த்தாரா, மின்விசிறியைப் பார்த்தாரா, தெரியவில்லை.

7 அக்டோபர்

இரட்டைக் கட்டணம் கொடுத்தேன். சண்டை போடத் தெம்பில்லை.

9 அக்டோபர், வியாழன்

வாசலுக்கு இடப்பக்கம் நீலப் பெயின்ட் அடித்து, சக்கர நாற்காலிப் படம் வரைந்த கட்டம் ஒன்று இருக்கிறது. அது காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. இன்று மதியம் எதனாலோ காலி. கடையிலிருந்து டேப் எடுத்துப் போயிருந்தேன். ஒரு முனையை அண்ணன் மகன் பிடித்தான். "அத்தை, எல்லோரும் பார்க்கிறார்கள்" என்று முனகிக்கொண்டே பிடித்தான். பார்க்கட்டும்.

அகலம் 2 மீட்டர் 40. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 சொல்வது குறைந்தது 3.6 மீட்டர், வாசலிலிருந்து 30 மீட்டருக்குள். தூரம் சரியாகத்தான் இருக்கிறது. அகலத்தில் 1 மீட்டர் 20 காணவில்லை. அந்த 1.20 அலங்காரத்துக்கு அல்ல. கதவை முழுக்கத் திறந்து, சக்கர நாற்காலியை இருக்கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவதற்கான இடம் அது. அதை எடுத்துவிட்டுப் படத்தை மட்டும் வரைந்தால், மிஞ்சுவது வாசலுக்கு அருகே ஒரு நல்ல இடம். நல்ல இடத்துக்கு யார்தான் ஆசைப்பட மாட்டார்கள்?

வண்டியை வழக்கம்போலப் பின்பக்கம் விட்டுவிட்டு நடந்தேன். எழுந்தவுடன், போலியோ காலைத் தாங்கும் காலிபரின் முட்டிப் பூட்டைக் கீழே தள்ள வேண்டும். புடவைக்கு மேலேயே கைவைத்துத் தேடி அழுத்துவேன். 'டக்' என்று விழும் சத்தம் கேட்டால்தான் அடியெடுத்து வைப்பேன். மழையில் தோல் பட்டை ஊறிப்போய்த் தொடையைக் கடிக்கிறது. லிப்ட் வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டே போனதில் உள்ளங்கை முழுக்கச் சுண்ணாம்பு. அண்ணி கேட்டார், என்ன இது என்று. ஒன்றுமில்லை என்றேன்.

12 அக்டோபர், ஞாயிறு

எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தாசில்தார் நாளிதழோடு வந்து உட்கார்ந்துவிட்டார். சிறிய கார் ஒன்றுக்குப் பணம் கட்டியிருக்கிறாராம். "ஏம்மா, உங்களுக்கு மட்டும் 18 சதவீத ஜிஎஸ்டி, எங்களுக்கு 28 என்று இருந்ததே, செப்டம்பர் 22 முதல் எல்லோருக்கும் 18. இப்போதுதான் நியாயம்" என்றார்.

அந்தச் சலுகைக்கு நாங்கள் பட்ட பாடு அவருக்குத் தெரியாது. அப்போது 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் இருக்க வேண்டும். அதுவும் கை கால் இயக்கக் குறைபாடாக இருக்க வேண்டும். கனரகத் தொழில் அமைச்சகத்திடம் சான்று வாங்க வேண்டும். பெட்ரோல் என்றால் 1200 சிசி, நீளம் நான்கு மீட்டர், அதற்கு மேல் போகக் கூடாது. ஐந்து வருடத்துக்கு விற்கமாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எத்தனை பேருக்கு அந்தக் காகிதங்களை நானே தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறேன். அவரவருக்கு வரி குறையட்டும், எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை. ஆனால் சமமாகிவிட்டோம் என்று மட்டும் என்னிடம் சொல்லக் கூடாது. கிளட்ச் இல்லாத வண்டிதான் எனக்கு ஆகும். அது விலை கூடுதல். பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் கைக்குக் கொண்டுவரும் கம்பிக்கு அவர் காசு கொடுக்கப் போவதில்லை.

காபி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

14 அக்டோபர்

ஆள்காட்டி விரல் அசைந்தது. இரண்டு முறை. அண்ணி இரண்டாவதைப் பார்க்கவில்லை என்கிறார்.

17 அக்டோபர், வெள்ளி

நீலக் கட்டத்தில் ஒரு கார் வந்து நின்றது. இருபது, இருபத்தொரு வயதுப் பையன் ஒருவன் இறங்கினான். குடியாத்தத்துக்காரன் என்று பிறகு தெரிந்தது. விறுவிறுவென்று நடந்தான். பெரியவர் மறித்தார். "நன்றாகத்தானே நடக்கிறாய் தம்பி? அங்கே வை." சுற்றி நின்றவர்களுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. ஆளாளுக்கு ஒரு வார்த்தை. அதோடு விட்டாரா பெரியவர்? என்னைக் கைகாட்டினார். "இந்த அம்மாவைப் பார். இவர்களுக்காகப் போட்ட இடம் இது."

எத்தனை நாள் இதே பெரியவர் என்னை அங்கே விடாமல் துரத்தினார்! இன்று இன்னொருவனை அளக்க நான் அளவுகோல்.

பையன் மாற்றுத்திறனாளி அட்டையை எடுத்தான். என்னிடம் இருக்கும் அதே அட்டை. ஹீமோபிலியா. இரத்தம் எளிதில் உறையாது, அடிபடாமலே மூட்டுக்குள் கசியும். போன மாதம் முட்டி வீங்கிப் படுக்கையில் கிடந்தானாம். "இன்றைக்கு நடக்க முடிகிறது அம்மா. அதிகம் நடந்தால் நாளைக்கு முடியாது" என்றான், என்னிடம், ஏதோ நான் தீர்ப்புச் சொல்ல வேண்டியவள் என்று.

நான் பெரியவரிடம் சொன்னேன்: மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைதான், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருபத்தொன்று, ஹீமோபிலியா, தலசீமியா, சிக்கிள் செல் எல்லாம் அதில் இருக்கின்றன. அவர் "எனக்கு மேலிடத்தில் சொல்லவில்லையே" என்றார். அதுவும் உண்மைதான்.

18 அக்டோபர்

தூக்கமில்லை. அந்தப் பையனையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சலுகை என்று எழுதியவர்கள் எல்லோரும் மனத்தில் வைத்திருந்தது என் காலைத்தான். சூம்பிய கால், காலிபர், ஊன்றுகோல். பார்த்த மாத்திரத்தில் நம்பிவிடலாம், விசாரணை வேண்டாம். என் கால் அந்த ஏழிலும் இருந்தது, இந்த இருபத்தொன்றிலும் இருக்கிறது. ஆனால் இந்தக் காலுக்குப் பின்னால் வரிசையில் ஆள் இல்லை. இயற்கை வகைப் போலியோ வைரஸால் இந்தியாவின் கடைசிப் பாதிப்பு 2011 ஜனவரியில், ஹவுராவில். 2014இல் உலகச் சுகாதார நிறுவனம் சான்றே கொடுத்துவிட்டது. வட ஆற்காட்டு ஊர்களிலிருந்து பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வேலூர் பாகாயத்து மறுவாழ்வு மையத்துக்கு நடந்த நைனாக்களும் போய்விட்டார்கள். என் நைனா, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றிச் சொல்லிச் சொல்லியே என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்.

இனிமேல் அந்தக் கட்டத்துக்கு வரப்போகிறவர்கள் குடியாத்தத்துப் பையன் மாதிரி ஆட்கள். டயாலிசிஸ் முடிந்து தலை சுற்றுகிறவர்கள். மூச்சு வாங்குகிறவர்கள். பார்த்தால் தெரியாது. "எது சூம்பியிருக்கிறது" என்று கேட்டால் அவர்களிடம் பதில் இருக்காது. "எவ்வளவு தூரம் நடப்பாய்" என்று கேட்டால் இருக்கும். சான்றிதழோ உறுப்பை அளந்து சதவீதம் போடுகிறது.

20 அக்டோபர், தீபாவளி

வெடிச் சத்தத்துக்கு அண்ணன் ஒவ்வொரு முறையும் கண் சிமிட்டினார். நல்லதுதான் என்கிறார் நர்ஸ்.

24 அக்டோபர், வெள்ளி

மழை. நீலக் கட்டத்தில் வெள்ளைக் கார். ஓட்டிவந்தவன் பெரியவரிடம் அட்டையை நீட்டிவிட்டு, படியில் இரண்டு இரண்டாக ஏறிப் போனான். அட்டையில் எழுபது வயதுக்காரரின் புகைப்படம். பெரியவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். திரும்பி வந்தவனிடம் கேட்டேன், அப்பா எங்கே என்று. வீட்டில் இருக்கிறாராம். "அட்டை எங்கள் குடும்பத்து அட்டைதானே மேடம்" என்றான். ரேஷன் அட்டையாம்!

இவனைப் போல ஒருவன் போதும், குடியாத்தத்துப் பையனை நூறு பேர் சந்தேகப்பட.

28 அக்டோபர், செவ்வாய்

ஆற்காட்டிலிருந்து ஒருவர் வந்தார். கைக்கட்டுப்பாடு பொருத்திய கார் வைத்திருக்கிறார். சென்னை போகும் வழியில் ஒரு சுங்கச்சாவடியில் கட்டணம் பிடித்துவிட்டார்களாம். மனு எழுத வேண்டும். எழுதினேன்: தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள் 2008, உடல் குறைபாடு உள்ளவருக்கென வடிவமைத்த வாகனத்துக்கு விலக்கு உண்டு. விலக்கு பாஸ்டேக் வாங்கினாரா என்றால், வாங்கவில்லை. அதற்கும் சேர்த்து விண்ணப்பம் தயார் செய்து கொடுத்தேன்.

அவர் போன பிறகு யோசித்தேன். கார் வாங்க முடிந்தவருக்குச் சுங்கம் இல்லை. கார் வாங்க முடியாதவருக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. ஆனால் பஸ் படி அதே உயரத்தில்தான் இருக்கிறது. ஏற முடியாத பஸ்ஸில் இலவசமாகப் போகச் சொல்கிறார்கள். காசை விட்டுக்கொடுப்பது எல்லோருக்கும் எளிது. இடத்தை விட்டுக்கொடுக்கச் சொன்னால்தான் முகம் மாறுகிறது. என்னைக் கேட்டால் சுங்க விலக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள், அந்த 1.20 மீட்டரைக் கொடுங்கள் என்பேன். ஆற்காட்டுக்காரர் கேட்டால் அடிக்க வருவார்.

1 நவம்பர், சனி

என் காரின் பதிவுச் சான்று வந்துவிட்டது! உரிமையாளர் வகை: மாற்றுத்திறனாளி. கம்பியைக் கீழே தள்ளினால் பிரேக், தன் பக்கம் இழுத்தால் வேகம். காகிதப்பட்டறை வரை போய் வந்தேன். கை நடுங்கியது. காலுக்கு வேலையே இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் சும்மா கிடந்தது.

அண்ணன் மகன் சாவியையே பார்த்துக்கொண்டிருக்கிறான். பெடல்கள் அப்படியேதான் இருக்கின்றன, அவனாலும் ஓட்ட முடியும். ஆனால் மோட்டார் வாகனச் சட்டம், இத்தகைய வாகனம் அந்த நபராலோ அந்த நபருக்காகவோ மட்டும் பயன்பட வேண்டும் என்கிறது. படித்துக் காட்டினேன். "அப்பாவைக் கூட்டிவரக் கூடவா?" என்றான்.

2 நவம்பர்

கூடவா?

6 நவம்பர், வியாழன்

அண்ணனை வீட்டுக்கு அனுப்பினார்கள். என் கார். அண்ணன் மகன் ஓட்டினான், நான் முன்னிருக்கையில். யாருக்கான பயணம் என்று யாராவது கேட்டால் எனக்கானது என்பேன். அண்ணன் வீடு வந்து சேராமல் எனக்கு ஒரு வேலையும் ஓடாது. அண்ணனிடம் அட்டை இல்லை. இப்போதுதான் விழுந்திருக்கிறார், மருத்துவர்கள் இன்னும் அளந்து முடிக்கவில்லை. அந்தக் கட்டத்தைத் தாண்டி ஓர் அடி அவரால் நடக்க முடியாது. ஆனால் இன்றைய தேதியில் அங்கே நிற்க உரிமை எனக்குத்தான், அவருக்கு இல்லை. வெள்ளைக் கார்க்காரன் அட்டையைக் கொண்டுவந்தான், ஆளைக் கொண்டுவரவில்லை. இங்கே ஆள் இருந்தார்.

கதவு பாதிதான் திறந்தது. பக்கத்தில் வேறொரு கார். சக்கர நாற்காலி இடுக்கில் நுழையவில்லை. அண்ணன் மகன் கக்கத்தில் கைகொடுக்க, பெரியவர் கால்களைப் பிடிக்க, அண்ணனைப் பக்கவாட்டில் சரித்து உள்ளே தள்ளினார்கள். வலது கால் கதவில் மாட்டிக்கொண்டு முறுக்கியது. அண்ணன் கத்தவில்லை; கத்தத்தான் முடியாதே. கண்ணில் தண்ணீர் மட்டும் வழிந்தது. பெரியவர் பக்கத்துக் காரின் கூரையில் ஓங்கி அடித்தார், அலாரம் அலறியது. யாரும் வரவில்லை.

1 மீட்டர் 20.

9 நவம்பர், ஞாயிறு

நேற்றோடு ஓராண்டு. 2024 நவம்பர் 8, ராஜீவ் ரதூரி வழக்கு. அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த, மாற்றுத்திறனாளிகள் உரிமை விதிகளின் 15ஆம் விதி 2016ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது; கட்டாய விதிகளை உருவாக்க மத்திய அரசுக்கு மூன்று மாத அவகாசம் கொடுத்தது. நாளை திங்கள். மற்றவர்களுக்கு அடித்த கையால் எனக்கே ஒரு மனு.

அண்ணன் மகன் "இலவச பார்க்கிங் என்றும் சேர்க்கலாம் அத்தை" என்றான். சேர்க்கவில்லை. கட்டணம் வாங்கட்டும், ஒற்றைக் கட்டணமாக. 3.6 மீட்டர் அகலம். பெயின்ட் மட்டும் போதாது, பக்கத்து இடத்தில் கார் வராதபடி தடுப்பு. இணைப்புச் சக்கர வண்டியும் அதில் நிற்கலாம் என்று பலகை. அட்டை இல்லாவிட்டாலும் நடக்க முடியாத நோயாளியை இறக்க அனுமதி. நான்காவதை எழுதத் தயங்கினேன். அதன் வழியாக எல்லா வெள்ளைக் கார்களும் நுழையும். இருந்தாலும் எழுதினேன்.

தாசில்தார் இலக்கணம் பார்த்துக் கொடுத்தார். பிறகு மெதுவாக, "மூத்த குடிமக்களையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளேன் அம்மா, எனக்கும் முட்டி வலிக்கிறது" என்றார். காலையில் எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் சார் என்று கேட்டேன். கோட்டையைச் சுற்றி ஒரு முறை என்றார், பெருமையாக. சேர்க்க மாட்டேன் என்றேன். கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

பெறுநர் இடம் இன்னும் காலியாக இருக்கிறது. மாநகராட்சிக்கா, மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கா, இரண்டுக்கும் நகல் போட்டு அனுப்புவதா?