மேட்டூர் திறக்கும் வரை ஆட்டம்

நீடாமங்கலம் பக்கத்தில், மூணாறு தலைப்பில் வெண்ணாறு மூன்றாகப் பிரியும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது நான் வாழ்க்கைப்பட்ட ஊர். பிறந்து வளர்ந்தது மலேசியாவில், ஈப்போவில். தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். பேத்தி எதிர்த்திசையில் விமானமேறித் திருச்சியில் வந்து இறங்கினேன். விசா, வெளிநாட்டவர் பதிவு, வங்கிக் கணக்கு என்று அலைந்த கதையை எழுதினால் படிக்கிறவருக்கும் கால் வலிக்கும். என்னைப் போல வெளிநாட்டிலிருந்து டெல்டாவுக்குக் குடிவருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: கிரிக்கெட் கற்றுக்கொள்ளுங்கள்.

இங்கே புதிதாக வந்தவளிடம் யார் மகள், எந்த வகையறா என்று கேட்பார்கள். அந்த விசாரணை முடிந்துவிட்டால் அடுத்த பேச்சுக்கு வழியில்லை. ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவருக்கும் எனக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? ஏப்ரல், மே மாதங்களில் நேற்றைய ஐபிஎல் ஆட்டம் இருக்கிறது. கடைசி ஓவரை யாரிடம் கொடுத்திருக்க வேண்டும் என்று ஒரு கருத்துச் சொல்லத் தெரிந்தால் போதும், வரிசை நகர்வதே தெரியாது.

எங்கள் வீடு கால்பந்து வீடு. அப்பாவுக்கு ஆறுமுகங்கள் இருவர். ஒருவர் பத்துமலையில் இருப்பவர், இன்னொருவர் மலேசிய அணியின் கோல் காவலர் ஆர். ஆறுமுகம். 1998இல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் கிரிக்கெட்டும் இருந்தது. தென்னாப்பிரிக்கா ஆஸ்திரேலியாவை வென்று தங்கம் வாங்கியது. எங்கள் தெருவில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்குக் குருவாக வாய்த்தவர் மாமனார். தொலைக்காட்சிக்கு முந்திய காலத்து ரசிகர். சென்னையில் பொங்கல் டெஸ்ட் நடக்கிற நாட்களில்தான் இங்கே சம்பா அறுவடையும் நடக்கும். களத்துமேட்டில் டிரான்சிஸ்டரை வைத்துவிட்டு அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையைக் கேட்டுக்கொண்டே நெல் தூற்றியவர் அவர். ஆட்டத்தைக் கண்ணால் பார்க்காமல் காதால் கற்றவர் என்பதால் எதையும் சொல்லால் விளக்கத் தெரிந்திருந்தது.

தொலைக்காட்சியில் ‘கல்லி’, ‘மிட் விக்கெட்’, ‘தேர்டு மேன்’ என்று பெயர்கள் பறந்து வரும். அவற்றை மனப்பாடம் செய்யத் தொடங்கினேன். மாமா தடுத்துவிட்டார். “அதெல்லாம் தானாக வரும். நீ முதலில் குச்சியைப் பாரம்மா” என்றார். மூன்று குச்சிகள், 71 சென்டிமீட்டர் உயரம், மூன்றும் சேர்ந்து 23 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலம். எதிரே 22 கஜம் தள்ளி இன்னொரு மூன்று. பந்துவீசுகிறவர் குச்சியைச் சாய்க்கப் பார்க்கிறார், மட்டை பிடித்தவர் காக்கிறார். காத்தது போக அடிக்க முடிந்தால் ஓட்டம். தரையில் உருண்டு எல்லைக் கோட்டைத் தொட்டால் நான்கு, தரையில் படாமல் தாண்டினால் ஆறு. ஆறு பந்து வீசினால் ஓர் ஓவர், அடுத்த ஓவர் எதிர்முனையிலிருந்து. தொடக்கத்துக்கு இவ்வளவு தெரிந்தால் ஆட்டம் புரியத் தொடங்கிவிடும். ஆங்கில வழிகாட்டிகள் பெயர்ப் பட்டியலில் ஆரம்பிப்பது எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை.

ஆட்டமிழக்கும் வகைகளில் பிடி, ரன் அவுட், ஸ்டம்பிங் எல்லாம் பார்த்தாலே விளங்குகிறவை. குச்சிக்குப் போகும் பந்தைக் காலால் மறித்தால் கொடுக்கும் எல்பிடபிள்யூ மட்டும் அப்படியல்ல. வாசல் மண்ணில் ஈர்க்குச்சியால் கோடு கிழித்து ஒரு சாயங்காலம் முழுவதும் அதற்குச் செலவிட்டார் மாமா. பந்து மட்டையில் படாமல் முதலில் காலில் படவேண்டும். கால் குறுக்கே இல்லாவிட்டால் அது குச்சியில் போய் இடித்திருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தாலும், மட்டை பிடித்தவரின் கால் பக்கக் குச்சியான லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தி வந்த பந்துக்கு அவுட் கிடையாது. எதிர்ப்பக்கக் குச்சியான ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே காலில் பட்டால், அடிக்க முயன்றவர் தப்பித்துக்கொள்வார். மட்டையைத் தூக்கிவைத்துக்கொண்டு சும்மா நின்றவருக்கு அந்தச் சலுகை இல்லை. “லெக் பக்கம் மட்டும் ஏன் மாமா அப்படி?” என்று கேட்டேன். காலுக்குப் பின்னால் குத்துகிற பந்தைப் பார்த்து ஆடுவது கஷ்டம், அதற்கும் அவுட் என்றால் எல்லாரும் அங்கேயே வீசி ஆட்டத்தைக் கெடுத்துவிடுவார்கள் என்றார்.

இவ்வளவும் கற்றுக்கொண்டு வயலுக்குப் போனால் அங்கே எல்பிடபிள்யூவே கிடையாது. மட்டை பிடிக்கும் அணியின் ஆள்தான் நடுவர். தன் ஆளுக்குக் கால் குறுக்கே இருந்தது என்று எந்த நடுவர் ஒப்புக்கொள்வார்?

வயல் என்று சொன்னேன். சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, நிற்கும் பயிருக்குள் உளுந்து தெளித்துவிடுவார்கள். சித்திரைக்குள் அதையும் எடுத்துவிட்டால், மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வரும்வரை நிலம் சும்மா கிடக்கும். அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். அந்த இடைவெளிதான் எங்கள் ஊர்ப் பையன்களின் கிரிக்கெட் பருவம். டெல்டாவின் களிமண் கோடையில் உள்ளங்கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். நாத்தனார் மகனும் அவன் கூட்டாளிகளும் ஆடுகளத்துக்கு இடம் பார்த்து, நெல் தாள்களை மண்வெட்டியால் செதுக்கி, வெடிப்புகளில் பொடிமண் கொட்டி, குடத்தில் தண்ணீர் தெளித்து, பலகையால் தட்டுவார்கள். இரண்டு நாள் காய்ந்தால் ஆடுகளம் தயார். அப்படியும் மூடாமல் விட்ட வெடிப்பின் விளிம்பில் குத்தும் டென்னிஸ் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று வீசியவனுக்கே தெரியாது.

சட்டங்களும் மண்ணுக்கேற்றவை. முதல் பந்து சோதனைப் பந்து, அதில் அவுட் இல்லை. ஆள் குறைந்தால் ஒருமுறை குத்தி எழுந்த பந்தைப் பிடித்தாலும் அவுட். வைக்கோல் போரில் விழுந்தால் இரண்டு ஓட்டம். வாய்க்கால் பள்ளத்துக் கருவேலமுள்ளில் விழுந்தால் அடித்தவனே போய் எடுத்துவர வேண்டும். ஆள் ஒற்றைப்படையாக இருந்தால் ஒருவன் இரண்டு பக்கமும் மட்டை பிடிப்பான். இந்தப் பதவிக்கு அடிதடியே நடக்கும்.

மட்டை பிடிப்பதை மாமா ஒரே வரியில் சொல்லித்தந்தார்: தரையில் கிடக்கும் மண்வெட்டியை வெட்டுவதற்காக எடுப்பது போல எடு. இரண்டு கைகளும் ஒட்டியிருக்கும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் மடிப்புகள் ஒரே கோட்டில் வந்துவிடும். அருகில் குத்தும் பந்துக்கு முன்காலை நீட்டு, குட்டையாகக் குத்தி எழும் பந்துக்குப் பின்காலில் போ, தலையை ஆட்டாதே. முதல் கோடையில் நான் அடிக்காமல் பந்தைத் தடுத்துக் கட்டை போட்டுக்கொண்டே இருந்தேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பந்து பிடிப்பதில் மட்டும் என்னை யாரும் சொல்லித்திருத்த வேண்டியிருக்கவில்லை. பள்ளியில் கோல் கம்பத்துக்கு நடுவில் நின்றவள் நான். மார்புக்கு மேலே வந்தால் விரல்கள் வானத்தைப் பார்க்க வேண்டும், கீழே வந்தால் தரையைப் பார்க்க வேண்டும், பந்து கையில் பட்டதும் அதனோடு கையைப் பின்னுக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். விறைப்பாக நீட்டிய கையில் பந்து தங்காது. அதன் பிறகு பையன்கள் “அத்தை எங்கள் பக்கம்” என்று சண்டை போட ஆரம்பித்தார்கள். பந்துவீச்சுதான் இன்னும் கைகூடவில்லை. முழங்கை 15 பாகைக்கு மேல் நீளக்கூடாது என்பது சர்வதேச விதி. ஊரில் அளப்பதற்குக் கருவியில்லை, “எறிகிறாய்” என்ற கூச்சல்தான் உண்டு.

2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் இந்தியப் பெண்கள் தென்னாப்பிரிக்காவை 52 ரன்களில் வென்று உலகக் கோப்பையை எடுத்தார்கள். மழையால் தாமதமாகத் தொடங்கிய ஆட்டம் நள்ளிரவு வரை போனது. எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் அடுத்த தெருப் பெண்கள். மறுநாளே அவர்களின் மகள்கள் என்னிடம் வந்து நின்றார்கள். வரும் கோடையில் காலை ஆறு முதல் எட்டு வரை ஆடுகளம் அவர்களுக்கு என்று பையன்களிடம் பேசி முடித்திருக்கிறேன். நாத்தனார் மகன் நடுவராக நிற்கச் சம்மதித்துவிட்டான். அந்தப் பெண்களுக்கு எல்பிடபிள்யூ வேண்டுமாம். அவன் முடியாது என்கிறான். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.