தளத்துக்குள் தடுப்பு முகாம்: எம்.பி. ஆய்வுக்குப் போகுமுன் தெரிந்திருக்க வேண்டியவை

அமெரிக்க ராணுவத் தளத்துக்குள் இயங்கும் குடியேறிகள் தடுப்பு முகாமை அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் பார்வையிட வேண்டுமானால் இரண்டு கேட்களைத் தாண்ட வேண்டும். வெளிக் கேட் தளபதியின் பொறுப்பு. உள் கேட் முகாமை நடத்தும் துறையின் பொறுப்பு. ஒன்றில் வாங்கிய அனுமதி மற்றதில் செல்லாது. நாங்கள் உதவியாளர்களாக இருக்கும் உறுப்பினரின் வருகை அன்று பொழுது வீணானது இதனால்தான். முகாம் அதிகாரி ‘வரலாம்’ என்று மின்னஞ்சல் போட்டுவிட்டார். பெயர்ப்பட்டியல் தளத்தின் பார்வையாளர் மையத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. காவலில் நிற்கும் சிப்பாய் தன் திரையில் இல்லாத பெயரை உள்ளே விடமாட்டார். அவரோடு வாதாடிப் பயனில்லை. முதல் நாளே பார்வையாளர் மையத்தைக் கூப்பிட்டு, பட்டியலை ஒவ்வொரு பெயராக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கையில் இருக்கும் சட்டம் எந்தத் துறைக்கானது என்பதையும் பாருங்கள். 2024 நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் 527ஆம் பிரிவு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் முகாம்களுக்கானது. உறுப்பினர் முன்னறிவிப்பின்றி வரலாம். உதவியாளர்களுக்கு மட்டும் 24 மணி நேர முன்னறிவிப்பு கேட்கலாம். வருகைக்காக முகாமைத் தற்காலிகமாக மாற்றிக் காட்டுவதையும் அது தடுக்கிறது. 2025இல் அத்துறை உறுப்பினர்களிடமும் 7 நாள் முன்னறிவிப்பு கேட்டது. அந்த டிசம்பரில் கூட்டாட்சி நீதிபதி ஜியா காப் அதை நிறுத்திவைத்தார். வழக்கு அதோடு ஓயவில்லை. புறப்படும் நாளில் எந்த உத்தரவு நடப்பில் இருக்கிறதோ அதன் நகலை எடுத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் துணையின்றி வந்த குழந்தைகளின் முகாம் என்றால் கதை வேறு. அது சுகாதாரத் துறையின் கையில்; 527 அங்கே உதவாது. 2014 ஜூலையில் ஓக்லஹோமாவின் ஃபோர்ட் சில் தளத்துக்குள் இருந்த குழந்தைகள் முகாமுக்குப் போன பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜிம் பிரைடன்ஸ்டைனை அந்த முகாமின் வாசலிலேயே நிறுத்தினார்கள். 2019 ஏப்ரலில் ஃபுளோரிடாவின் ஹோம்ஸ்டெட் முகாமில் மூன்று பிரதிநிதிகளுக்கும் அதே கதி. அன்று அத்துறை கேட்டது இரண்டு வார முன்னறிவிப்பு. மக்களின் வரிப்பணத்தில் குழந்தைகளை வைத்திருக்கும் இடத்தை மக்கள் தேர்ந்தெடுத்தவர் பார்க்க முடியாமல் போனது பெரிய அநியாயம்.

முன்பெல்லாம் தளத்தின் தொடர்பு அதிகாரியிடம் நேராகப் பேசியே பாதி வேலையை முடிக்கலாம். 2025 அக்டோபர் 15 தேதியிட்ட பென்டகன் உத்தரவுக்குப் பிறகு, காங்கிரஸோடு பேசும் எதுவும் அங்குள்ள சட்டமன்ற விவகார அலுவலகம் வழியாகத்தான் போக வேண்டும். தளத்தில் ‘சரி’ சொன்னவரிடம், ‘அந்த அலுவலகத்துக்குத் தகவல் போய்விட்டதா?’ என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடையாள அட்டை: 2025 மே 7 முதல் ரியல் ஐடி (கூட்டாட்சி அரசின் தரத்துக்கு ஏற்ற அடையாள அட்டை) கெடுபிடி. ஓட்டுநர் உரிமத்தில் நட்சத்திரக் குறி இல்லையென்றால் பாஸ்போர்ட் கொண்டுவரச் சொல்லுங்கள். காங்கிரஸ் அட்டையை மட்டும் நம்ப வேண்டாம். பட்டியலில் பெயர் அட்டையில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். நம்மவர்களுக்கு இதில் சிக்கல் அதிகம்: ஓர் ஆவணத்தில் இனிஷியல், இன்னொன்றில் அப்பாவின் முழுப்பெயர். வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத் தாளும் காப்பீடும் கைவசம் இருக்கட்டும். வரைபடச் செயலி காட்டும் கேட்டில் பார்வையாளர் மையம் இல்லாமலும் போகலாம். கேட்டின் பெயரையும் வேலை நேரத்தையும் கேட்டு வையுங்கள்.

உள்ளே குறிப்பிட்ட ஒருவரைச் சந்திக்க வேண்டுமா? அவர் கையெழுத்திட்ட 60-001 படிவம் (தன் விவரங்களை உங்களிடம் பகிர அவர் தரும் சம்மதம்) தேவை. கையெழுத்து வாங்க அவரைப் பார்க்க வேண்டும், பார்க்கக் கையெழுத்து வேண்டும் என்று சுற்றவிடுவார்கள். அவருடைய வழக்கறிஞர் மூலம் முன்பே வாங்கிவிடுங்கள். குடியேற்றக் கோப்பில் அவருக்குள்ள ஒன்பது இலக்க ஏ-எண்ணைச் சரிபாருங்கள். எங்களுக்கு அந்தக் கையெழுத்து கையில் இருந்ததால்தான் கடைசியில் சந்திப்பு நடந்தது.

தடுத்தால் வெளிக் கேட்டைத் தாண்டி நடக்காதீர்கள். ராணுவ நிலத்தில் அத்துமீறினால் ஆறு மாதம் வரை சிறை. மறுத்தவரின் பெயர், பதவி, நேரம், உத்தரவிட்டது யார் என்பதை அங்கேயே எழுதிக்கொண்டு, காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால், நடந்ததை அந்த நிமிடமே மின்னஞ்சலாக அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். பின்னால் கமிட்டியிலும் கோர்ட்டிலும் காட்ட அந்த மின்னஞ்சல் வேண்டும்.